அல்பரீனியோ: முதல் பாட்டிலை நிதானமாகச் சுவைப்பது எப்படி?

வெள்ளை ஒயினை எவ்வளவு குளிர வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அல்பரீனியோவுக்கு அது சரிவராது. வாசனைக்குப் பெயர் போன ஸ்பானிய ஒயின் இது. அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் முதலில் தொலைவது அந்த வாசனைதான்.

1. லேபிளைப் பாருங்கள்

பாட்டிலில் இரண்டு பெயர்களைத் தேடுங்கள். அல்பரீனியோ என்பது திராட்சையின் பெயர். ரியாஸ் பைஷாஸ் என்பது அது விளையும் வட்டாரம். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், கலீசியாவில், அட்லாண்டிக் கடல் நிலத்துக்குள் நீளமாகப் புகுந்து கிடக்கும் கரையோரம் அது. 1988-இல் ஒயின் வட்டாரமாக அதிகாரபூர்வ அங்கீகாரம் பெற்றது.

வல் டோ சல்னேஸ் என்ற உட்பிரிவின் பெயர் இருந்தால் கடலை ஒட்டிய, குளிர்ந்த, ஈரமான இடத்து ஒயின். புளிப்பு தூக்கலாக இருக்கும். கொண்டாடோ டோ தேயா உள்நாட்டுப் பக்கம், வெயில் அதிகம். பழச்சுவை கனிந்து வரும். தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை சல்னேஸ்தான். அறுவடை ஆண்டு கடந்த இரண்டு மூன்று வருடங்களுக்குள் இருக்கட்டும்.

2. ஃபிரிட்ஜில் வையுங்கள், காத்திருக்கும் நேரத்தில் பந்தலைப் பற்றி

இரண்டு மூன்று மணி நேரம் குளிரட்டும். அதற்குள் இந்த ஒயின் எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடலாம்.

கலீசியாவில் மழை அதிகம். ஈரம் தேங்கினால் திராட்சையில் பூஞ்சை பிடிக்கும். அதனால் அங்கே கொடியைத் தரையோடு விடாமல், கருங்கல் தூண்கள் நட்டு, ஆள் உயரத்துக்கு மேல் பந்தல் போட்டுப் படர விடுகிறார்கள். அடியில் காற்று ஓடும், இலை சீக்கிரம் காயும். அந்த மண்ணே கருங்கல் மண் என்பதால் தூணுக்குக் கல் தேடி அலைய வேண்டியதில்லை. நிலங்கள் சின்னச் சின்னத் துண்டுகள். பந்தலுக்குக் கீழே காய்கறி போடுவதும் பழைய வழக்கம். அறுவடைக் காலத்தில் பந்தலடியில் நின்று, கையை உயர்த்திக் கொத்துக் கொத்தாக வெட்டி, பழம் நசுங்காதபடி சிறு பெட்டிகளில் அடுக்குகிறார்கள். அல்பரீனியோவின் தடித்த தோலும் ஈரத்தைத் தாங்க உதவுகிறது. வாசனைப் பொருள்களில் பெரும்பகுதி இருப்பதும் அந்தத் தோலில்தான்.

லேபிளில் 'சோப்ரே லியாஸ்' என்று இருக்கிறதா? நொதித்த பிறகு அடியில் படியும் ஈஸ்ட் வண்டலோடு ஒயினைச் சில மாதங்கள் விட்டுவைத்தார்கள் என்று பொருள். வாயில் கொஞ்சம் கனமாக, வழவழப்பாகத் தெரியும்.

3. வெளியே எடுத்துச் சற்றுப் பொறுங்கள்

8 முதல் 10 டிகிரி செல்சியஸ் சரியான சூடு. ஃபிரிட்ஜ் இதைவிடக் குளிர்ச்சி. எடுத்து ஒரு பத்து நிமிடம் மேசையில் வையுங்கள். வெயில் காலத்தில் ஐந்து நிமிடமே போதும்.

4. முகருங்கள்

காம்புள்ள கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றுங்கள். சுழற்றாமல் ஒரு முறை முகருங்கள், அப்புறம் சுழற்றி இன்னொரு முறை. முதலில் எலுமிச்சைத் தோல், பிறகு பீச், ஆப்ரிகாட், ஏதோ ஒரு வெள்ளைப் பூ. நான் சொல்வது எதுவும் உங்களுக்குத் தோன்றாவிட்டால் கவலை வேண்டாம். உங்கள் மூக்குக்கு என்ன நினைவு வருகிறதோ அதையே ஒரு தாளில் எழுதுங்கள்.

5. ஒரு மடக்கு

விழுங்குவதற்கு முன் வாய் முழுக்கப் பரவ விடுங்கள். நாக்கின் ஓரங்களில் எச்சில் ஊறும். அது புளிப்பின் வேலை. கடைசியில் மெல்லிய உப்புச் சாயல் தெரிந்தால், பலருக்கு இந்த ஒயின் பிடித்துப்போவதற்கு அதுவே காரணம். எனக்கும்தான்.

6. கூடவே மீன்

கலீசியர்கள் இதை மட்டி, சிப்பி, ஆக்டோபஸ் ஆகியவற்றோடு குடிக்கிறார்கள். கம்பாடோஸ் ஊரில் 1953 முதல் அல்பரீனியோ திருவிழாவே நடக்கிறது. வீட்டில் பூண்டு, எண்ணெய், எலுமிச்சை சேர்த்து வதக்கிய இறால் போதும். காரம் குறைவாக இருக்கட்டும். மிளகாய் எரிச்சல் வாசனையை மறைத்துவிடும்.

கிளாஸில் இரண்டு மடக்கு மீதி வைத்து, அரை மணி நேரம் கழித்து மறுபடி முகர்ந்து பாருங்கள். முன்பு எழுதிய தாளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலில் மிச்சமிருப்பதை இறுக மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.