பழைய கார் வாங்கும்போது காப்புறுதிச் செலவையும் கணக்கிடுங்கள்

மட்டக்களப்பில் குடும்பத்துக்கென்று பழைய கார் தேடுபவர்கள் பெரும்பாலும் ஆல்டோ, வேகன் ஆர், விட்ஸ் ஆகியவற்றின் விலையை மட்டும் ஒப்பிடுகிறார்கள். ஆண்டுதோறும் கட்ட வேண்டிய காப்புறுதிக் கட்டணத்தை வாங்கிய பின்னரே விசாரிக்கிறார்கள். முற்பணம் கொடுப்பதற்கு முன்பே வாகன இலக்கத்தையும் உற்பத்தி ஆண்டையும் சொல்லி இரண்டு மூன்று காப்புறுதி நிறுவனங்களிடம் கட்டணம் கேளுங்கள்.

சட்டப்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி (உங்கள் காரால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்புறுதி) போதும், கட்டணமும் குறைவு. ஆனால் உங்கள் கார் சேதமடைந்தால் அதிலிருந்து ஒரு சதமும் கிடைக்காது. லீசிங்கில் எடுப்பவரிடம் முழுக் காப்புறுதியைக் கேட்பார்கள். கட்டணத்தைக் குறைக்க எண்ணிக் காரின் பெறுமதியைத் தாழ்த்திக் காட்டுவது எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் 40 இலட்சம் பெறுமதியான காரை 20 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தால், திருத்தச் செலவிலும் பாதியே கிடைக்கக்கூடும். விற்பவர் சேர்த்துவைத்த நோ கிளைம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்கான கட்டணக் கழிவு, காரோடு உங்களுக்கு வராது.

நமக்கு முக்கியமானது வெள்ளம். மார்கழி மழையில் வாவி பெருகும் ஊரில், வெள்ளச் சேதம் ஒப்பந்தத்தில் அடங்குகிறதா என்பதை எழுத்தில் பாருங்கள். ஏற்கெனவே நீரில் நின்ற காரா என்று அறிய, சீற் பெல்ட்டை முடிவுவரை இழுத்துப் பாருங்கள். கழுவித் துடைத்த காரிலும் பெல்ட்டின் அடிப்பகுதியில் சேற்றுக்கோடு தங்கியிருக்கும். கால்மிதிக் கம்பளத்தைத் தூக்கி மணலையும், இருக்கைத் தண்டவாளத்தில் துருவையும் தேடுங்கள். கல்லடி போன்ற கடலோரப் பகுதியில் ஓடிய காரென்றால், மேற்பூச்சின் பளபளப்பை நம்பாமல் மெக்கானிக்கைக் கொண்டு அடிச்சட்டத்தையும் தட்டிப் பார்ப்பது நல்லது.