5.8 நல்லதா, 6.4 நல்லதா? இடைநிலைப்பள்ளிகளை ஒப்பிடும்போது வரும் தவறுகள்

கோலாலம்பூர் செந்தூலில், பிபிஆர் என்ற அரசு மலிவுவிலை அடுக்குமாடியில் குடியிருக்கும் அக்கா ஒருவர் கைப்பேசியை நீட்டினார். மகள் அடுத்த ஆண்டு முதலாம் படிவம், அதாவது இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பு, போகிறாள். பக்கத்து இடைநிலைப்பள்ளிகள் இரண்டின் எஸ்பிஎம் (மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் பொதுத்தேர்வு) சராசரியை யாரோ அனுப்பியிருந்தார்கள்: ஒன்று 5.8, இன்னொன்று 6.4. "6.4 தானே தம்பி நல்ல ஸ்கூல்?" என்றார்.

இல்லை. பெற்றோர் பலர் முதலில் சறுக்குவது இங்கேதான். பள்ளிச் சராசரிக் கணக்கில் ஏ பிளஸுக்கு 0, தோல்வியான ஜிக்கு 9. எண் குறையக் குறையத்தான் தேர்ச்சி நல்லது.

சரி, அதற்காக 5.8 பள்ளியே சிறந்தது என்றும் சொல்லிவிட முடியாது. முதலாம் படிவத்தில் யார் யார் வந்து சேர்ந்தார்கள்? நன்றாகப் படிக்கும் பிள்ளைகளில் ஒரு பகுதியைத் தங்கும் பள்ளிகள் எடுத்துக்கொள்கின்றன. மலாய் தடுமாறும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை முதலாம் படிவத்துக்கு முன், மொழியைத் தேற்ற ஓராண்டு புகுமுக வகுப்பில் இருந்துவிட்டு வருகிறது. அந்தப் பிள்ளையைக் கைபிடித்து 'சி' வரை கொண்டுவந்த ஆசிரியரின் உழைப்பு சராசரியில் தெரியாது. 2021இல் ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வான யுபிஎஸ்ஆர் போனது, 2022இல் மூன்றாம் படிவத் தேர்வான பிடி3 போனது. பிள்ளை எந்த நிலையில் வந்தது என்று காட்டப் பொதுத்தேர்வும் இல்லை. அதனால் அதே பள்ளியின் மூன்று ஆண்டு முடிவுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஓர் ஆண்டு எண்ணை நம்பாதீர்கள்.

அப்புறம், வாசலில் தொங்கும் பதாகை. எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்த நான்கு முகங்கள் அதில் சிரிக்கும். அந்தப் பிள்ளைகளைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் மீதி 150 பேர் என்ன ஆனார்கள்?

என் மனத்தை அரிப்பது அந்த 150 பேர்தான். மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெறாவிட்டால் எஸ்பிஎம் சான்றிதழே கிடையாது. வரலாறு இந்த விதிக்குள் வந்தது 2013இல். கணிதத்தில் பி வாங்கிய பையன்கூட வரலாற்றில் விழுந்தால் வெறுங்கையோடு நிற்பான். வசதியில்லாத வீட்டில் வேலைக்கோ தொழிற்பயிற்சிக்கோ விண்ணப்பிக்க அந்த ஒரு தாள்தான் பிடிமானம். எத்தனை ஏ என்பதைவிட, எத்தனை பேர் சான்றிதழ் வாங்கினார்கள் என்று கேளுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். முதலாம் படிவத்தில் 200 பேர் சேர்ந்து, ஐந்தாம் படிவத்தில் 160 பேர் மட்டும் தேர்வு எழுதினால், தேர்ச்சி விகிதம் அந்த 160 பேருக்குத்தான். பள்ளி மாறிப் போனவர்கள் சிலர் இருப்பார்கள். பாதியில் வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர்? பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்டால் தவறில்லை.

அக்கா இரண்டு கேள்விகளையும் மளிகைக்கடை ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்.