ஆம்ப்ளிஃபயர் உறுமுகிறதா? முதலில் ஸ்பீக்கரைக் கழற்றுங்கள்

வீட்டு ஆம்ப்ளிஃபயர் திடீரென உறுமினாலோ ஊமையானாலோ, அதை அணைத்து ஸ்பீக்கர் கம்பிகளைக் கழற்றிவிடுங்கள். பிறகு மீண்டும் இயக்கி, மல்டிமீட்டரை டிசி (நேர்மின்னோட்ட) வோல்ட்டில் வைத்து, ஆம்ப்ளிஃபயரின் பின்புறமுள்ள ஸ்பீக்கர் முனைகளை அளந்து பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட் என்றால் கவலையில்லை. பல வோல்ட் காட்டினால் அவுட்புட் டிரான்சிஸ்டரோ ஐசியோ பழுதாகியிருக்கலாம். அந்த நிலையில் இணைத்தால் ஸ்பீக்கர் சுருள் கருகிவிடும். அருமையான ஸ்பீக்கர்கள் இப்படி வீணாவது மனத்தை வருத்துகிறது.

நம் சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மின்வழங்கி அதை டிசியாக மாற்றும்போது இந்த அதிர்வெண் இரட்டிப்பாகும். அதனால் 100 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்டால் மின்வழங்கியின் கெப்பாசிட்டரை (மின்னூட்டம் சேமிக்கும் பாகம்) சந்தேகியுங்கள், தலை உப்பியிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும், கை வைக்காதீர்கள்! புது கெப்பாசிட்டர், மின்னணு உதிரிபாகக் கடைகள் உள்ள சிம் லிம் டவரில் கிடைக்கும்: அதே மைக்ரோஃபாரட் (கொள்ளளவு), அதே அல்லது கூடுதல் வோல்ட்.