கவர்டு ஸ்டென்ட் வடிவமைப்பு: புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் போனை நீட்டினான். "சார், இதைப் பாருங்க." வீடியோவில் 6 மி.மீ. விட்டமுள்ள நிட்டினால் (நிக்கல்-டைட்டானியம் கலவை) ஃபிரேம் ஒன்று, அதாவது ஸ்டென்டின் உலோகக் கூடு, அவன் ஆள்காட்டி விரலைச் சுற்றி மண்புழு மாதிரி வளைந்து நெளிந்தது. அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்கோ வயிற்றில் புளியைக் கரைத்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே வீடியோவை நானும் எடுத்தேன். அதை நம்பி ஒன்பது மாத உழைப்பை இழந்தேன்.

அளவைத் தப்பாக எழுதுவது, வரைபடத்தின் பழைய பதிப்பை அனுப்புவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை யாரும் சொல்லாமலே ஒரு முறையில் புரிந்துவிடும். பல மாதம் கழித்துத்தான் தெரியவரும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக, முழங்காலுக்குப் பின்னால் ஓடும் தமனியை வைத்துக்கொள்வோம். அங்கே ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கினாலோ கிழிந்தாலோ, ரத்தம் வெளியே கசியாமல் இருக்க மெல்லிய இ-பிடிஎஃப்இ (நுண்துளைகள் வரும்படி இழுத்த பிடிஎஃப்இ பிளாஸ்டிக்) ஃபிலிம் போர்த்திய ஸ்டென்ட் வைக்கிறார்கள். இதுதான் கவர்டு ஸ்டென்ட். உடம்பில் மிகவும் வளைகிற இடங்களில் அதுவும் ஒன்று.

வெறும் ஃபிரேமை வளைத்துப் பார்த்து முடிவெடுப்பது

இதுதான் எனக்கு இன்னும் ஆறாத தவறு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 மி.மீ. குழாயை, நடுக்கோட்டில் 20 மி.மீ. ஆரம் வருகிற மாதிரி வளைக்கிறோம். வெளிப்பக்கத்தின் ஆரம் 23, உள்பக்கத்தின் ஆரம் 17. அதாவது வெளிப்பக்கம் 15 சதவீதம் நீள வேண்டும், உள்பக்கம் 15 சதவீதம் சுருங்க வேண்டும். வெறும் ஃபிரேமுக்கு இது பிரச்சினையே இல்லை. ஸ்ட்ரட்டுகளுக்கு, அதாவது ஃபிரேமின் மெல்லிய உலோகக் கம்பிகளுக்கு, நடுவே காற்றுதான் இருக்கிறது. வெளிப்பக்க இடைவெளிகள் விரியும், உள்பக்க இடைவெளிகள் நெருங்கும், அவ்வளவுதான்.

இப்போது அந்த இடைவெளிகளை ஃபிலிமால் மூடி, சூடேற்றி, ஒவ்வொரு ஸ்ட்ரட்டோடும் ஒட்டிவிடுகிறோம். நேரான மாண்ட்ரல் (உருளை அச்சு) மேல் வைத்து ஒட்டுவதால் ஃபிலிமுக்கு நேரான நீளம் மட்டும்தான் தெரியும். அது ரப்பர் இல்லை, 15 சதவீதம் நீண்டுவிட்டுத் திரும்பி வராது. வெளிப்பக்கம் நீள மறுத்தால் முழுச் சுமையும் உள்பக்கத்தின் தலையில் விழுகிறது. 17-ஐ 23-ஆல் வகுத்தால் 0.74. உள்பக்கம் 26 சதவீதம் குறுகியாக வேண்டும். அந்த உபரி ஃபிலிம் எங்கே போகும்? வெளியே ரத்தக்குழாய்ச் சுவர் தடுக்கிறது. அதனால் ரத்தம் ஓடுகிற பாதைக்குள்ளேயே மடிந்து நிற்கும்.

எனக்கு அப்போது இது உறைக்கவில்லை. ஃபிரேம் நன்றாக வளைந்தது, எனவே மொத்த ஆர்டரையும் கொடுத்தோம். கவர் போட்ட பிறகும் வளைத்துப் பார்த்தேன். கொஞ்சம் விறைப்பாக இருந்தது, ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் வழவழவென்றுதான் இருந்தது. ஒன்பதாவது மாதம் மூத்தவர் ஒருவர் மேசைக்கு வந்தார். "உள்ளே பாத்தியா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் ஒரு வளைந்த சிலிகான் குழாய்க்குள் அதை விரித்து, ஒரு முனை வழியாகச் சின்ன கேமராவை விட்டார். உள்பக்க வளைவில் ஃபிலிம் நாக்கு மாதிரி எழுந்து நின்றது, ஒன்றன் பின் ஒன்றாக மூன்று மடிப்புகள். நடு மடிப்பு பாதையில் மூன்றில் ஒரு பங்கை அடைத்திருந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை, கேமராவை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். வந்திறங்கிய ஃபிரேம்களில் ஒன்றைக்கூடப் பயன்படுத்த முடியவில்லை.

இதைச் சொன்னால் புதிதாக வந்தவர்கள் உடனே கேட்பது: "ரத்த அழுத்தம் அதைத் தள்ளி விரித்துவிடாதா சார்?" விரிக்காது. அழுத்தம் மடிப்பை இடம் மாற்றலாம், உபரி நீளத்தைக் கரைக்க முடியாது. மடிப்பின் பின்னால் ரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும். அதோடு ஒவ்வொரு துடிப்புக்கும் அந்த நாக்கு ஆடிக்கொண்டே இருக்கும். 10 ஆண்டுக்கு ஏறத்தாழ 38 கோடி துடிப்பு. ஆடுகிற ஃபிலிம் ஸ்ட்ரட்டின் முனையில் உரசி உரசிக் கிழியும்.

அப்படியானால் என்ன செய்வது? ஃபிரேமையும் கவரையும் முதல் நாளிலிருந்தே ஒன்றாக வடிவமைக்க வேண்டும். நீளவாக்கில் உலோக இணைப்பே இல்லாமல், தனித்தனி வளையங்களை ஃபிலிம் மட்டும் பிடித்து வைக்கும்படி செய்யலாம். வளையல்களைத் துணிக்குள் அடுக்கித் தைத்த மாதிரி. அல்லது ஒரே கம்பியைச் சுருளாகச் சுற்றி, அந்தச் சுருள் கோட்டில் மட்டும் ஃபிலிமை ஒட்டலாம். ஃபிலிம் குழாயை நீளவாக்கில் சற்று அமுக்கிய நிலையில் சூடேற்றினால் கண்ணுக்குத் தெரியாத நுண்மடிப்புகள் உள்ளேயே பதியும், வளையும்போது அவை விரிந்து கொடுக்கும். துணி கிராஃப்டுகளை (துணியால் செய்த செயற்கை ரத்தக்குழாய்களை) இதே காரணத்துக்காக 1950-களிலேயே அக்கார்டியன் மாதிரி மடித்து வைத்தார்கள்.

எதுவுமே இலவசம் இல்லை. உபரி ஃபிலிம் வைத்தால், உடம்புக்குள் கொண்டுபோக ஸ்டென்டைச் சுருக்கும்போது இடம் பிடிக்கும். குறைவாக ஒட்டினால் ஒட்டாத இடம் படபடக்கும். எங்கே ஒட்டுவது, எங்கே விடுவது என்பதில்தான் இந்தக் கருவியின் உயிரே இருக்கிறது.

முதன்முதலில் இந்த வகைக் கருவிகளைப் பொருத்தியவர்களுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. 1990-இல் புவெனஸ் ஐரெஸில் ஹுவான் பரோடி வயிற்றுப் பெருந்தமனிக்குள் துணிக் குழாயை ஸ்டென்டில் தைத்து வைத்தார். பெருந்தமனி அகலமானது, முழங்கால் அளவுக்கு மடங்குவதும் இல்லை. அங்கே மன்னிக்கப்படும் தவறு முழங்காலில் மன்னிக்கப்படாது.

அறை வெப்பத்தில் சோதிப்பது

37 டிகிரி தண்ணீரில் செய்யாத நிட்டினால் சோதனையை அறிக்கையில் சேர்க்காதீர்கள்.

அடுப்பிலிருந்து எடுத்த பிறகு ஏ.எஃப். அளக்காமல் விடுவது

நிட்டினால் எந்த வெப்பநிலையில் முழுமையாகத் தன் வடிவத்துக்குத் திரும்புகிறதோ அதுதான் ஏ.எஃப். ஃபிரேம் வந்தபோது சான்றிதழில் 25 டிகிரி என்று இருக்கும், எல்லோரும் அதோடு நிம்மதியாகிவிடுவார்கள். ஆனால் பிடிஎஃப்இ உருகுவதே 327 டிகிரியில். அதற்கும் மேலே சூடேற்றித்தான் ஃபிலிமை ஒட்டுகிறோம். அந்தச் சூட்டில் நிக்கல் சற்றுக் கூடுதலாக உள்ள உலோகத்துக்குள் நுண்படிவுகள் உருவாகி ஏ.எஃப். மேலே ஏறும். எத்தனை நிமிடம் அடுப்பில் இருந்தது என்பதைப் பொறுத்து ஏற்றம் மாறும். 37-ஐத் தாண்டிவிட்டால் ஸ்டென்ட் உடம்புக்குள் சோம்பலாக, பாதி மட்டும் விரியும். கவர் போட்டு முடித்த பொருளில் அளந்த எண்தான் உண்மையான எண்.

கவரின் கனத்தைக் கடைசியில் கணக்கில் சேர்ப்பது

6 மி.மீ. குழாயின் சுற்றளவு 18.8 மி.மீ. உள்ளும் வெளியும் சேர்த்து ஃபிலிம் 0.1 மி.மீ. கனம் என்றால் அதன் குறுக்குவெட்டு 1.9 சதுர மி.மீ. சுருக்கிய ஸ்டென்ட் ஷீத் என்ற நுழைகுழாய் வழியாகத்தான் உள்ளே போகும். மருத்துவர் கேட்கிற 6 பிரெஞ்ச் (குழாய் அளவு) ஷீத்தின் உள்விட்டம் ஏறத்தாழ 2 மி.மீ., அதாவது மொத்தமே 3.1 சதுர மி.மீ. இடம். 0.035 அங்குல கைடுவயருக்கு (வழிகாட்டும் கம்பி) 0.6 போகும். மிச்சம் இருக்கிற 0.6-இல் உலோகத்தையும், ஸ்டென்டைச் சுமந்து செல்லும் கதீட்டரின் குழாய்களையும் எப்படி அடைப்பீர்கள்? பத்தில் ஒரு மி.மீ. என்று கேட்கும்போது ஒன்றுமில்லாதது போலத் தோன்றும், ஷீத்துக்குள் பாதிக்கு மேல் அதுவே பிடித்துக்கொள்கிறது.

பெரிய சைஸ்தான் பத்திரம் என்று நினைப்பது

வெறும் ஸ்டென்டுக்கு இது ஓரளவு செல்லும். கவர் இருந்தால், விரிய இடமில்லாத ஃபிலிம் சுற்றுவாக்கில் மடியும். ரத்தக்குழாயின் விட்டத்தைவிட 20 சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள்.

நடையை மட்டும் வைத்துச் சோதிப்பது

நடக்கும்போது முழங்கால் மடங்குவது ஓர் அளவு. நம் ஊரில் பெரியவர்கள் சம்மணம் போட்டுச் சாப்பிடுகிறார்கள், குந்தி உட்கார்ந்து பாத்திரம் கழுவுகிறார்கள், காலை மடித்துத் தொழுகிறார்கள். அப்போது அந்தத் தமனி கூர்மையாக மடங்கும், கூடவே குறுகும், முறுக்கிக்கொள்ளும். சோதனை எந்திரத்தில் வளைவை மட்டும் கொடுத்துவிட்டு, அமுக்கத்தையும் முறுக்கையும் விட்டுவிடுகிறார்கள். மூன்றையும் ஒன்றாகக் கொடுத்துப் பாருங்கள். ஸ்ட்ரட் முறியும் இடமே வேறாக இருக்கும்.

நீளங்களைக் குறைத்துக்கொள்வது

தயாரிப்பு எளிதாக இருக்கட்டும் என்று ஒரு முறை 50, 100 மி.மீ. என்று இரண்டே நீளத்தோடு நிறுத்தினோம். முன்மாதிரியைப் பார்த்த மருத்துவர் ஒருவர், வைத்திருந்த ஆஞ்சியோகிராம் படத்தை மேசைமேல் போட்டார். "இங்க பாருங்க, எனக்கு 60 போதும். நீங்க 100-ஐத்தான் கையில கொடுக்கறீங்க." கவர்டு ஸ்டென்ட் போகிற வழியில் உள்ள கிளைக்குழாய்களை எல்லாம் மூடிவிடும். பின்னால் எப்போதாவது ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால், காலுக்கு ரத்தம் கொண்டுபோக அந்தக் கிளைகள்தான் மாற்றுவழி. அவர் பேனா முனையால் மிச்ச 40 மி.மீ.யைக் காட்டினார். அதற்குள் இரண்டு கிளைகள் பிரிந்து போயின.

அடுத்த வாரமே 60-ஐயும் 75-ஐயும் பட்டியலில் சேர்த்தோம்.