ஆங்கிலத்தில் காரண-விளைவுப் பத்தி: 'ஆல்' விகுதியை எங்கே வைப்பது?

'மழை பெய்ததால் விடுமுறை' என்றாலும் 'மழையால் விடுமுறை' என்றாலும் தமிழுக்கு ஒரே 'ஆல்' போதும். முன்னால் நிற்பது வினையா, பெயரா என்று அது பார்ப்பதில்லை. ஆங்கிலம் பார்க்கும். முதலாவதற்கு 'பிகாஸ் இட் ரெய்ன்ட்', இரண்டாவதற்கு 'பிகாஸ் ஆஃப் த ரெய்ன்'. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் முதலில் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

பிகாஸ், சின்ஸ், ஆஸ் மூன்றுக்கும் பின்னால் எழுவாயும் வினையும் உள்ள முழுத் தொடர் வர வேண்டும். பிகாஸ் ஆஃப், டியூ டு, ஓயிங் டு என்றால் பெயர்ச்சொல் மட்டும். 'டியூ டு த லேக்ஸ் வேர் எம்ப்டி' தவறு. 'டியூ டு த எம்ப்டி லேக்ஸ்' சரி. சந்தேகம் வந்தால், பின்னால் வருவதில் காலம் காட்டும் வினை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 'பிகாஸ்' மட்டும் போதும், 'ஆஃப்' வேண்டாம்.

இனி பத்தி. எடுத்துக்காட்டுக்கு 2019 சென்னைத் தண்ணீர்ப் பஞ்சத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு தாளின் நடுவில் 'தண்ணீர் இல்லை' என்று எழுதுங்கள். இடப்பக்கம் 'ஏன்?' என்று கேட்டுக்கொண்டே போங்கள்: பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன, அதற்கு முன் 2018 வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. சதுப்பு நிலங்கள் கட்டடமானதும் இதே பக்கத்தில் வரும். வலப்பக்கம் 'அதனால் என்ன?': குழாயில் நீர் குறைந்தது, லாரிக்காகக் குடங்கள் வரிசையில் நின்றன, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு ரயிலுக்குச் சுமார் 25 லட்சம் லிட்டர். இதைத் தமிழிலேயே எழுதலாம், தவறில்லை.

எல்லாவற்றையும் ஒரே பத்தியில் திணிக்காதீர்கள். 100 முதல் 120 சொற்கள், ஆறேழு வாக்கியங்கள்: அதில் ஒரு சங்கிலிதான் நிற்கும். இங்கே மழை, ஏரி, குழாய், ரயில் என்ற வரிசை போதும். சதுப்பு நிலம் இந்தச் சங்கிலியின் கண்ணி அல்ல. அது தனிக் காரணம், அடுத்த பத்திக்குப் போகட்டும். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் இரண்டாம் எழுத்துப் பணிக்குக் குறைந்தது 250 சொற்கள் கேட்கிறார்கள். இப்படி இரண்டு பத்திகளோடு ஒரு சின்ன முன்னுரையும் முடிவுரையும் சேர்ந்தால் அளவு சரியாகிவிடும்.

முதல் வாக்கியத்திலேயே காரணம், விளைவு இரண்டும் தெரிய வேண்டும். 'வாட்டர் இஸ் வெரி இம்பார்ட்டன்ட் ஃபார் அஸ்' என்று தொடங்கினால் ஒரு வரி வீண். இப்படித் தொடங்கலாம்: 'சென்னை ரான் ஷார்ட் ஆஃப் வாட்டர் இன் 2019 மெயின்லி பிகாஸ் த மான்சூன் ஹேட் ஃபெயில்ட் த இயர் பிஃபோர்.' இதில் 'மெயின்லி' முக்கியம். வேறு காரணங்களும் உண்டு என்று ஒப்புக்கொள்கிற சொல் அது. 'ஹேட் ஃபெயில்ட்' என்பது காரணம் முன்பே நடந்ததைக் காட்டுகிறது. பிகாஸுக்கு முன் கமா இல்லை என்பதையும் கவனியுங்கள். பிகாஸ் தொடரை வாக்கியத்தின் தலைக்குக் கொண்டுபோனால் மட்டும் அது முடியுமிடத்தில் கமா போடுங்கள்.

அடுத்து வரும் ஒவ்வொரு வாக்கியமும் முந்தையது விட்ட இடத்திலிருந்து தொடங்கட்டும்: 'த ரெய்ன்ஸ் ஆஃப் 2018 வேர் டூ வீக் டு ஃபில் த ரிசர்வாயர்ஸ். ஆஸ் எ ரிசல்ட், த ரிசர்வாயர்ஸ் வேர் ஆல்மோஸ்ட் ட்ரை பை ஜூன்.' பிறகு குழாயும் லாரியும். முடிவில், 'த ஷார்ட்டேஜ் பிகேம் சோ சிவியர் தட் வாட்டர் வாஸ் ப்ராட் பை ட்ரெயின்.' 'சோ... தட்' அமைப்பும் காரண-விளைவுதான். பலர் அதை மறந்துவிடுகிறார்கள். நடுவில் ஏரியையும் குழாயையும் விட்டுவிட்டு 'மழை பொய்த்தது, எனவே ரயில் வந்தது' என்று தாவினால் படிப்பவருக்குப் பாலம் இல்லை.

தமிழ்ப் பழக்கம் காலை வாரிவிடும் இடங்கள் இன்னும் உண்டு. தமிழில் 'ஏனெனில்' என்று புது வாக்கியம் தொடங்கலாம். அதே கையோடு 'த லேக்ஸ் ட்ரைட் அப். பிகாஸ் த மான்சூன் ஃபெயில்ட்.' என்று எழுதினால் இரண்டாவது தொங்கலாக நிற்கும்; முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டு இரண்டையும் ஒன்றாக்குங்கள். பேச்சில் 'ஏன்னா... அதனாலதான்' ஜோடியாக வரும். ஆங்கிலத்தில் 'பிகாஸ்... சோ' ஒரே வாக்கியத்தில் வராது, ஒன்றை வெட்டுங்கள். 'தேர்ஃபோர்' இரண்டு முழு வாக்கியங்களைக் கமாவால் ஒட்டாது. அதற்கு முன் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். 'சோ' மட்டும் கமாவோடு ஒட்டும்.

வினைகளுக்குத் திசை உண்டு. 'லீட் டு', 'ரிசல்ட் இன்' இரண்டிலும் காரணம் இடப்பக்கம் நிற்கும்; 'ரிசல்ட் ஃப்ரம்' என்றால் விளைவு இடப்பக்கம். 'இன்', 'ஃப்ரம்' மாறினால் ஏரி வறண்டதால் மழை பொய்த்ததாகிவிடும்! 'காஸ்' என்ற வினை பெரும்பாலும் கெட்டதோடுதான் சேரும்: டிலே, டேமேஜ், டிசீஸ். நல்லதற்கு 'பிரிங்' அல்லது 'லீட் டு' பொருந்தும். 'அஃபெக்ட்' ஏ எழுத்தில் தொடங்குவது, பொதுவாக வினை. 'எஃபெக்ட்' ஈ எழுத்தில் தொடங்குவது, பொதுவாகப் பெயர். 'அதன் மேல் பாதிப்பு' என்ற தமிழ் நினைப்பில் 'அஃபெக்டட் ஆன்' என்று எழுதுவார்கள். 'ஆன்' எஃபெக்டுக்குத்தான். 'த ரீசன் இஸ் பிகாஸ்' கூறியது கூறல். 'த ரீசன் இஸ் தட்' போதும்.

இலக்கணத்தைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு: காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஒன்றுக்குப் பின் இன்னொன்று நடந்தாலே முதலாவது காரணம் ஆகிவிடாது. எப்படி என்று ஒரு வரியில் விளக்க முடியாத இணைப்பை எடுத்துவிடுங்கள், அல்லது 'மே ஹேவ் கான்ட்ரிப்யூட்டட் டு' என்று அடக்கி எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் இணைப்புச் சொற்களை அடிக்கோடிடுங்கள். ஏழு வாக்கியப் பத்தியில் நான்குக்கு மேல் இருந்தால் சிலவற்றை நீக்கிப் பாருங்கள். பொருள் கெடாவிட்டால் அவை தேவையே இல்லை. கடைசியாக, பத்தியைத் தமிழில் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் 'அதனால்' போட்டுப் பாருங்கள். நாக்கு எங்கே தயங்குகிறதோ, அங்கே ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கிறது.