அடிக்குறிப்பைக் கண்டு பயப்படாமல் வேதம் வாசிப்பது எப்படி

பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் 22 வருஷம் புரூஃப் பார்த்தவன் நான். போன கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்திருந்த தங்கை மகன், ராத்திரி ஜெபம் முடிந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெல்லக் கேட்டான்: "மாமா, மாற்கு 16-ல கடைசிப் பன்னிரண்டு வசனம் பழைய பிரதியில இல்லையாமே? ஹாஸ்டல்ல ஒருத்தன் போன்ல அடிக்குறிப்பைக் காட்டினான்."

"இப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்றாள் என் தங்கை. நான் அவளைத் தடுத்தேன். வீட்டில் பதில் கிடைக்காத பிள்ளை வெளியே தேடிப் போவான். அந்த லீவு முழுக்க நாங்கள் மூவரும் உட்கார்ந்து செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் செய்து பாருங்கள்.

முதலில், இருப்பதை ஒத்துக்கொள்ளுங்கள். நமக்குக் கிடைத்த முழு வேதாகமக் கையெழுத்துப் பிரதிகளில் மிகப் பழையவை நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய்ப் பிரதியும் வத்திக்கான் பிரதியும். இரண்டிலும் மாற்கு 16, எட்டாம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் சம்பவமும் (யோவான் 7:53 முதல் 8:11 வரை) அவற்றில் இல்லை. "ஆமாம், இல்லை" என்று நானே சொன்னதும் பையன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

அடுத்து, நம் பழைய திருப்புதலையும் 1995-ல் வந்த திருவிவிலியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துக்கொள்ளுங்கள். 1 யோவான் 5:7-ஐ இரண்டிலும் வாசியுங்கள். "பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி" என்ற பகுதி பழைய திருப்புதலில் இருக்கும், மற்றதில் இருக்காது. யாரும் வெட்டி எறியவில்லை. அது லத்தீன் பிரதிகள் வழியாக வந்த வரி. எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516-லும் 1519-லும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அது கிடையாது, 1522 பதிப்பில்தான் சேர்த்தார். நம் பழைய மொழிபெயர்ப்புகள் அந்த அச்சு வழியில் வந்தவை. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1715-ல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தபோது, சீனாய்ப் பிரதி இன்னும் சீனாய் மலையடி மடத்துக்குள்ளேயே இருந்தது. அவர் கையில் இருந்ததை உண்மையாய்த் தந்தார். திரித்துவத்துக்கு ஆதாரம் வேண்டுமென்றால் மத்தேயு 28:19-க்குப் போங்கள், அந்த வசனத்தில் இந்தச் சிக்கல் இல்லை.

இனி என் தொழில் கற்றுத்தந்தது. எழுத்துப் பிழைக்கு ஒரு பழக்கம் உண்டு. இரண்டு வரி ஒரே சொல்லில் முடிந்தால், அச்செழுத்துக் கோர்ப்பவர் கண் முதல் வரியிலிருந்து இரண்டாவதின் முடிவுக்குத் தாவிவிடும், நடுவில் உள்ளது போய்விடும். எத்தனை முறை இதைச் சிவப்பு மையில் குறித்திருக்கிறேன்! 1 யோவான் 2:23-ல் நடந்ததும் அதேதான். கிரேக்கத்தில் அந்த வசனத்தின் இரண்டு பாதியும் ஒரே சொற்களில் முடிகின்றன. பிற்காலப் பிரதிகள் பலவற்றில் இரண்டாம் பாதியைக் காணோம். எப்படிக் கண்டுபிடித்தார்கள்? விடாமல் எழுதிய பிரதிகள் வேறு இருந்ததால்தான். ஒரே ஒரு பிரதி இருந்திருந்தால் பிழையே தெரிந்திருக்காது. புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்கத்தில் மட்டும் 5,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள் இருக்கின்றன, பெரும்பாலானவற்றில் புதிய ஏற்பாடு முழுதும் இல்லாவிட்டாலும். வித்தியாசங்கள் ஏராளம் என்று யாராவது சொன்னால் பதறாதீர்கள். பெரும்பாலும் எழுத்துக்கூட்டல், சொல் வரிசை. எண்ணிக்கை பெருகக் காரணமே ஒப்பிடப் பிரதிகள் நிறைய இருப்பதுதான்.

பழைய ஏற்பாட்டுக்கு ஏசாயா 53-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1947-ல் சவக்கடல் ஓரம் கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயாச் சுருள், அதுவரை கையில் இருந்த எபிரெயப் பிரதிகளைவிட ஏறக்குறைய ஆயிரம் வருஷம் மூத்தது. 66 அதிகாரமும் அதில் இருக்கின்றன. வித்தியாசம் உண்டு. 11-ஆம் வசனத்தில் "ஒளியைக் காண்பார்" என்று ஒரு சொல் கூடுதலாக வருகிறது. ஆனால் நமக்காகக் காயப்பட்டவர் அங்கேயும் அவரேதான். அந்த இரவு இதை வாசித்தபோது எனக்குக் கண் நிறைந்தது.

வாட்ஸ்அப்பில் வரும் நோவா பேழையையும் செங்கடல் ரதச் சக்கரங்களையும் தயவுசெய்து பிள்ளைகளுக்கு ஆதாரமாகக் கொடுக்காதீர்கள். அது பொய்யென்று தெரியும் நாளில் நல்லதையும் சேர்த்தே சந்தேகிப்பார்கள். 2 இராஜாக்கள் 20:20 சொல்லும் எசேக்கியாவின் வாய்க்கால் எருசலேமில் இன்றும் இருக்கிறது, 533 மீட்டர். இரண்டு பக்கமிருந்தும் குடைந்து வந்தவர்கள் சந்தித்ததைச் சொல்லும் கல்வெட்டு அதற்குள்ளேயே 1880-ல் அகப்பட்டது. பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961-ல் செசரியாவில் கிடைத்தது. இவை போதும். ஆனால் கல் உயிர்த்தெழுதலை நிரூபிக்காது, அதையும் சொல்லிவிடுங்கள்.

பெரோயா ஊரார் "காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று" தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்தார்கள் என்று அப்போஸ்தலர் 17:11 அவர்களைப் பாராட்டித்தான் எழுதியிருக்கிறது. பென்சிலும் நோட்டும் இல்லாமல் உட்காராதீர்கள்.

கடைசி நாள் மாற்கு 16-க்கே திரும்பினோம். எட்டாம் வசனத்தோடு நிறுத்தி வாசி என்று மருமகனிடம் சொன்னேன். வாசித்தான். "அவர் உயிர்த்தெழுந்தார், அவர் இங்கேயில்லை" என்பது ஆறாம் வசனம், அந்தப் பழைய பிரதிகளிலும் இருக்கிறது. பெண்கள் பயந்து ஓடியதோடு முடித்தான். "அப்புறம்?" என்றாள் தங்கை. 1 கொரிந்தியர் 15-ஐத் திருப்பச் சொன்னேன். ஐந்நூறு பேருக்கு அதிகமானவர்கள் அவரைக் கண்டார்கள், "அவர்களில் அநேகர் இந்நாள்வரைக்கும் இருக்கிறார்கள்" என்று பவுல் எழுதுகிறார். சிலுவைக்குப் பிறகு கால் நூற்றாண்டு அளவில் எழுதிய கடிதம் அது. விரும்பினால் போய் விசாரித்திருக்கலாம். தங்கை தன் வேதாகமத்தில் அந்த வசனத்துக்குக் கீழே தானே கோடு போட்டுக்கொண்டாள்.