எஸ்.டபிள்யூ.ஆர் 1.7 காட்டினால் எல்லாம் சரியா? கேபிள் இழப்புக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் தொடர்மாடியில் இருந்துகொண்டு ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலித் தொடர்பு) செய்பவருக்கு அன்டெனா மொட்டைமாடியில், ரேடியோ செட் பல மாடி கீழே. நடுவில் 30 மீற்றர் கோஆக்ஸ் கேபிள் தாராளமாக ஓடும். அதில் எவ்வளவு சக்தி தொலைகிறது என்று கணக்குப் பார்க்கும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள்.

அன்டெனா கேபிளோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண்தான் எஸ்.டபிள்யூ.ஆர். 1 என்றால் முழுப் பொருத்தம், எண் கூடக்கூட அன்டெனாவிலிருந்து திரும்பி வரும் சக்தியும் கூடும். பெரிய தவறு, செட்டடியில் அளந்த எஸ்.டபிள்யூ.ஆரை அன்டெனாவின் எஸ்.டபிள்யூ.ஆர் என்று நம்புவது. மேலே போகும் சிக்னலையும் கேபிள் தின்கிறது, திரும்பி வருவதையும் தின்கிறது. ஆர்ஜி-58 என்ற மெல்லிய கோஆக்ஸ் 30 மீற்றர் இருந்தால், 145 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 6 டெசிபெல் சாப்பிடும் (3 டெசிபெல் என்றால் சக்தி பாதியாகும், 6 என்றால் கால்வாசியாகும்). மேலே அன்டெனாவையே கழற்றிவிட்டாலும் கீழே 1.7 அளவில்தான் காட்டும். நீளமான மட்டமான கேபிள் அருமையான டம்மி லோட் (அன்டெனாவுக்குப் பதிலாக சக்தியை உறிஞ்சிச் சூடாக்கும் சாதனம்)!

இதற்கு நேர்மாறான பயமும் உண்டு. எஸ்.டபிள்யூ.ஆர் 3 என்றால் 25 சதவீதம் திரும்பி வருகிறது, அவ்வளவும் வீண் என்று சிலர் கழித்துவிடுவார்கள். அப்படியில்லை. திரும்பி வருவதை டியூனர் (செட்டுக்கும் கேபிளுக்கும் இடையில் வைத்துப் பொருத்தத்தைச் சரிசெய்யும் கருவி) மறுபடி மேலே அனுப்புகிறது. ஒவ்வொரு பயணத்திலும் கேபிள் எடுக்கும் பங்குதான் நஷ்டம். கணக்கு இப்படி: பொருத்தம் சரியாக இருக்கும்போது உள்ள கேபிள் இழப்பை விகிதமாக்கி அ என்று வையுங்கள் (3 டெசிபெல் என்றால் 2). அன்டெனாவில் திரும்பும் பங்கு ப (எஸ்.டபிள்யூ.ஆர் 3க்கு 0.25). மொத்த இழப்பு விகிதம் (அ×அ − ப) ÷ (அ × (1 − ப)). விடை 2.5, அதாவது 4 டெசிபெல். கூடுதல் நஷ்டம் 1 டெசிபெல்தான். கேபிள் இழப்பு வெறும் 0.5 டெசிபெல்லாக இருந்தால் மொத்தமே 0.8 டெசிபெல்தான்.

சரி, அப்போ டியூனர் போட்டால் எதையும் ஓட்டலாமா? 7 மெகாஹெர்ட்ஸுக்கு வெட்டிய டைபோலை (நடுவில் கேபிள் இணையும் இரண்டு கம்பி அன்டெனா) கோஆக்ஸ் வழியாக 14 மெகாஹெர்ட்ஸில் ஓட்டிப் பாருங்கள். அன்டெனாவில் எஸ்.டபிள்யூ.ஆர் 60 என்று வைத்தால், 0.5 டெசிபெல் கேபிளே 6.5 டெசிபெல் விழுங்கும். டியூனரில் எஸ்.டபிள்யூ.ஆர் 1:1 வந்தது செட்டின் திருப்திக்கு. முக்கால்வாசிக்கு மேல் கேபிளில் சூடாகிப் போகிறது.

அரை அலைநீளம்கூட இல்லாத குட்டைக் கேபிளுக்கு இந்தச் சூத்திரம் பிசகும், அதை நம்ப வேண்டாம்.

அப்புறம், பழைய கேபிளுக்குப் புதுக் கேபிளின் அட்டவணை எண்ணைப் போடுவது. கடற்காற்றும் தென்மேற்குப் பருவ மழையும் மேல்முனைக் கனெக்டருக்குள் புகுந்தால் இழப்பு கூடும். கூடவே கீழே எஸ்.டபிள்யூ.ஆர் குறைந்து நல்லதுபோலத் தெரியும். அன்டெனாவை யாரும் தொடாமலே அது குறைந்தால் சந்தேகப்படுங்கள். அன்டெனாவைக் கழற்றி கேபிளின் மேல்முனையை ஷோர்ட் செய்து (உள்கம்பியையும் வெளிவலையையும் இணைத்து), கீழே நானோவிஎன்ஏ என்ற சிறிய அளவுக் கருவியில் ரிட்டர்ன் லொஸ் (அனுப்பிய சிக்னல் எத்தனை டெசிபெல் குறைந்து திரும்புகிறது என்ற அளவு) பாருங்கள். அதில் பாதி கேபிளின் இழப்பு. 6 காட்டினால் 3 டெசிபெல். அந்த எண்ணைத்தான் சூத்திரத்தில் போட வேண்டும்.